தங்கைக்கு வந்த விவாகரத்து சம்மன்: வழக்கறிஞர் எதைச் செய்வார், நாங்கள் எதைச் செய்ய வேண்டும்?

சேலம்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். கணவர் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். கடந்த ஓராண்டுக்கும் மேலாகத் தங்கையும் குழந்தையும் சேலத்தில் எங்கள் பெற்றோருடன் இருக்கிறார்கள். அவர் எந்தப் பணமும் அனுப்புவதில்லை. சென்ற வாரம் சென்னைக் குடும்பநல நீதிமன்றத்திலிருந்து சம்மனும் மனுவின் நகலும் வந்தன. இந்துத் திருமணச் சட்டம் 13ஆம் பிரிவின்படி, தங்கை தன்னைக் கொடுமைப்படுத்தியதாகக் கூறி அவர் விவாகரத்து கேட்டிருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் நீதிமன்றப் படி ஏறியதில்லை. அப்பா, சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி நாமும் ஒரு மனு போட வேண்டும் என்கிறார். உறவினர் ஒருவர், முதலில் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால்தான் அவர்கள் இறங்கி வருவார்கள் என்கிறார். தெரிந்த வழக்கறிஞர் ஒருவர், நிரப்பப்படாத வக்காலத்துப் படிவத்தில் (வழக்கறிஞருக்கு நம் சார்பில் வழக்கு நடத்த அதிகாரம் தரும் படிவம்) கையெழுத்து வாங்கிக்கொண்டு, மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தங்கைக்கோ, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டுமா வேண்டாமா என்பதே இன்னும் தெளிவாகவில்லை.

இத்தகைய வழக்கில் வழக்கறிஞரின் பணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஒவ்வொரு வாய்தாவுக்கும் தங்கை குழந்தையுடன் சென்னைக்குப் போயாக வேண்டுமா? வழக்கு முடியும்வரை செலவுக்கு என்ன வழி? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பாரிமுனை (பதில்)

வணக்கம் சகோதரரே. நான் சென்னையில் குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் உங்கள் வழக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதால், நடைமுறையை மட்டும் விளக்குகிறேன்.

முதலில் சம்மனில் உள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று தங்கையோ அவர் சார்பில் வழக்கறிஞரோ முன்னிலையாகாவிட்டால், அவரை ‘எக்ஸ்பார்ட்டி’ என்று அறிவித்துவிட்டு மறுதரப்பை மட்டும் விசாரித்து விவாகரத்து வழங்கிவிட முடியும். அப்படி வழங்கப்பட்ட தீர்ப்பை ரத்து செய்யக் கோரி 30 நாட்களுக்குள் மனு செய்யலாம் என்றாலும், வராமல் போனதற்கு ஏற்கத்தக்க காரணத்தைக் காட்டியாக வேண்டும். முதல் தேதியிலேயே எதிருரை (மனுவுக்கு எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்ய வேண்டியதில்லை, அவகாசம் கேட்கலாம்.

வழக்கறிஞர் கட்டாயமா என்றால், சட்டப்படி இல்லை. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வழக்கறிஞர் மூலம் வாதாடுவதைத் தரப்பினரின் உரிமையாகவே தரவில்லை. கணவன் மனைவி தகராறு சட்ட நுணுக்கங்களுக்குள் சிக்கிக்கொள்ளக் கூடாது, அவர்களே நீதிபதியிடம் பேச வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் நடைமுறையில், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனு கொடுத்தால் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அனுமதிக்கின்றன. மறுதரப்பில் வழக்கறிஞர் இருக்கும்போது உங்கள் தங்கை தனியாக நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என்னைப் பொறுத்தவரை, வழக்கறிஞரின் திறமை தெரிவது இறுதி வாதத்தில் அல்ல, எதிருரையில்தான். மனுவில் உள்ள ஒரு குற்றச்சாட்டைக் குறிப்பாக மறுக்காவிட்டால் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. உதாரணமாக, மனுவின் 7ஆம் பத்தியில், ‘எதிர்மனுதாரர் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு, ‘பத்தி 7இல் கூறப்பட்டவை அனைத்தும் பொய்’ என்ற ஒரே வரியைப் பதிலாகக் கொடுக்கும் எதிருரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் பயனில்லை. கணவரே ரயில் நிலையத்துக்கு வந்து ஏற்றிவிட்டார், பயணச்சீட்டை அவரே பதிவு செய்தார், அன்றிரவு குழந்தை ஊர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார் என்று, நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இவை உங்கள் தங்கைக்கு மட்டுமே தெரிந்தவை. ஆகவே அவர் மனுவைப் பத்தி பத்தியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் தம் கைப்பட ஒரு குறிப்பு எழுதி வழக்கறிஞரிடம் தர வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் எழுதப்படும் எதிருரை யாருடைய வழக்குக்கும் பொருந்துவதாக இருக்கும். குறுக்கு விசாரணையில் அதை வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

செலவுக்கான வழி இந்துத் திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இருக்கிறது. விவாகரத்து மனு நிலுவையில் இருக்கும் காலத்துக்கு இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் அதே நீதிமன்றத்தில் கேட்கலாம். நோட்டீஸ் எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் இயன்றவரை அந்த மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாக ஆகும். விவாகரத்து மனு இல்லாவிட்டாலும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுக்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்படி ஜீவனாம்சம் கோர முடியும். இந்த மனுவை, தங்கை வசிக்கும் சேலத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு இடங்களில் கேட்டால் ஒன்றைப் பற்றி மற்றொன்றில் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இங்கே மிகவும் முக்கியமானது. அதன்படி இரு தரப்பினரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். ஜீவனாம்சத்தை மனு செய்த தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். ஆகவே மனு போடுவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் தங்கைக்கு இழப்புதான். எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு நிலையான சூத்திரம் கிடையாது. 2017இல் ஒரு வழக்கில், கணவரின் நிகர ஊதியத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பலர் பொது விதியாக நினைக்கிறார்கள். அது ஓர் அளவுகோலாகப் பயன்படலாம்; ஆனால் குழந்தையின் பள்ளிச் செலவு, மனைவியின் சொந்த வருமானம், கணவரின் மற்ற பொறுப்புகள் எல்லாம் சேர்ந்துதான் தொகை முடிவாகும்.

சென்னைக்கு வருவதைப் பொறுத்தவரை, வழக்கைச் சேலம் குடும்பநல நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் இடமாற்ற மனு தாக்கல் செய்யலாம். சிறு குழந்தை இருப்பது, தனி வருமானம் இல்லாதது, பயணத் தூரம் ஆகியவற்றைக் கருதி மனைவியின் வசதிக்கு இத்தகைய மனுக்களில் கூடுதல் எடை தரப்படுவது வழக்கம்.

சேர்ந்து வாழ உத்தரவு கேட்கும் மனுவைத் தங்கை உண்மையாகவே திரும்பிப் போக விரும்பினால் மட்டும் போடுங்கள். அந்த உத்தரவு கிடைத்தும் ஓராண்டு இருவரும் சேராவிட்டால், அதையே காரணமாகக் காட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்து கேட்கலாம் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 13(1ஏ) பிரிவு சொல்கிறது. விவாகரத்தைத் தடுக்கும் உபாயமாக நினைத்துப் போட்ட மனு, விவாகரத்துக்கே வழியமைத்துவிடக் கூடும்.

காவல் நிலையப் புகார் பற்றியும் ஒரு வார்த்தை. உண்மையாக அடி, வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால் புகார் கொடுக்கத் தயங்கவே கூடாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி நீதித்துறை நடுவரிடம் பாதுகாப்பு உத்தரவும் பெறலாம். பேரத்துக்காக, நடக்காததை நடந்ததாக எழுதிக் கொடுத்தால், அந்தப் பொய்ப் புகாரே கணவரின் வழக்கில் கொடுமைக்குச் சான்றாகிவிடும். உச்ச நீதிமன்றம் இதை ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வைகைக்கரை (பதில்)

அண்ணா, உங்கள் தங்கையின் நிலையில் நான் இருந்தவள். என் வழக்கு மதுரையில் நடந்து முடிந்துவிட்டது. சட்ட நுணுக்கங்களை மேலே உள்ளவர் நன்றாகச் சொல்லிவிட்டார். வழக்கறிஞரோடு நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நிரப்பப்படாத வக்காலத்தில் கையெழுத்திட வேண்டாம். வழக்கறிஞர் நல நிதி வில்லை ஒட்டிய அந்த அச்சுப் படிவம் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் பொடி எழுத்தில், சமரசம் செய்துகொள்ளவும், பணத்தைப் பெற்றுக்கொள்ளவும், வழக்கைத் திரும்பப் பெறவும் அதிகாரம் அளிப்பதாக எழுதியிருக்கும். அதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, வழக்கு எண், தரப்பினர் பெயர், நீதிமன்றத்தின் பெயர் ஆகியவை நிரப்பப்பட்ட பிறகு கையெழுத்திடலாம். என் சம்மதம் எழுத்தில் இல்லாமல் எந்த உடன்பாட்டுக்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நான் என் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நல்ல வழக்கறிஞர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

கட்டணத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா, இடமாற்ற மனுவுக்குத் தனியாகவா, குமாஸ்தா செலவு அதில் அடங்குமா என்று கேட்பதில் தவறில்லை. கிடைக்கும் ஜீவனாம்சத்தில் இத்தனை பங்கு என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்; வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதை இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடைசெய்கின்றன. வழக்கறிஞருக்குத் தர வசதி இல்லையென்றால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும்; 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அப்பா ஓய்வூதியத்தில் கடன் வாங்கிப் பணம் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்கு அந்தச் சுமையைக் கொடுத்திருக்க மாட்டேன்.

நம் பெயரில் தாக்கலாகும் ஒவ்வொரு தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். வழக்கை அடையாளம் காட்டும் 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால், அடுத்த வாய்தா எப்போது, அது எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நான் முதலில் அமர்த்திய வழக்கறிஞர், எதிருரைக்குக் கடைசி வாய்ப்பு கொடுக்கப்பட்டிருந்ததைக்கூட எனக்குச் சொல்லவில்லை. அந்தச் செயலியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு அவரை மாற்றினேன். மாற்றும்போது பழைய வழக்கறிஞரிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். பாக்கிக் கட்டணத்துக்காக வழக்குக் கட்டைத் தர மறுக்க அவருக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குறுக்கு விசாரணைக்கு முன் உங்கள் தங்கைக்கு ஒரு மாலைப் பொழுதாவது வழக்கறிஞருடன் தேவைப்படும். பொய் சொல்லப் பழக்குவதற்காக அல்ல. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நம் பழைய செய்திகளையே நம் முன்னால் நீட்டி, ‘இதை நீங்கள்தானே அனுப்பினீர்கள்’ என்று கேட்கும்போது நெஞ்சு படபடக்கும். கேள்வியை முழுதாகக் கேட்டு, தெரிந்ததற்குத் தெரியும் என்றும், நினைவில்லாததற்கு நினைவில்லை என்றும் சொல்லப் பழகியிருந்தால் அந்தக் கூண்டில் தடுமாறாமல் நிற்கலாம். விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்ளலாம். அதற்குச் சட்டத்தில் இடமுண்டு.

ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் (பதில்)

ஐயா, நீதிமன்ற அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் சில வாய்தாக்கள் பெரும்பாலும் விசாரணைக்கு உரியவை அல்ல. தரப்பினர் ஒத்துப்போக முடியுமா என்று முதலில் முயன்று பார்ப்பது குடும்பநல நீதிமன்றத்தின் சட்டப்பூர்வக் கடமை. அதற்காக ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். ஆலோசகரின் அறைக்குள் பெரும்பாலும் கணவனும் மனைவியும் மட்டுமே இருப்பார்கள். வழக்கறிஞர்களும் பெற்றோரும் வெளியே காத்திருக்க வேண்டும். ஆகவே அந்தத் தேதிகளில் தங்கை நேரில் வருவது நல்லது. டவாலி (நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் ஊழியர்) பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால், சமரசத்துக்கு விருப்பமில்லை என்று குறித்துக்கொண்டு வழக்கை அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

சமரச மையத்தில் பேசுவது இரகசியம். அங்கே சொன்னதை நீதிமன்றத்தில் சான்றாகப் பயன்படுத்த முடியாது. அதனால் தங்கை அங்கே மனம்விட்டுப் பேசலாம். திரும்பிப் போவதா வேண்டாமா என்பது தெளிவாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தெளிவாக்கிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் நீதிமன்றத்தில் வேறில்லை. அதற்கு முன்பே வீட்டில் உள்ளவர்கள் அவருக்காக முடிவெடுத்துவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். பெரியவர்கள் வெளியே வாக்குவாதம் செய்துகொண்டிருக்க, உள்ளே இருவரும் அமைதியாகப் பேசி முடித்த வழக்குகளை நிறையவே பார்த்திருக்கிறேன். சேர்ந்து போனவர்களும் உண்டு, மரியாதையாகப் பிரிந்தவர்களும் உண்டு.

குழந்தை பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின்படி ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும். ஐந்து வயது முடிந்ததும் தந்தையிடம் ஒப்படைத்துவிடுவார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள், அப்படி இல்லை. எல்லா வயதிலும் குழந்தையின் நலனே முதன்மை. ஆனால் தந்தை பார்க்கக் கேட்டால், தக்க காரணமில்லாமல் மறுக்காதீர்கள். மறுத்த விவரம் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

சேலம்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கையே உட்கார்ந்து மனுவைப் படித்துக் குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறாள். இதற்கிடையே இரண்டு புதிய விஷயங்கள் வந்திருக்கின்றன. கணவர் வீட்டார் ஒரு மொத்தத் தொகையைச் சொல்லி, முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு முடித்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். ஜீவனாம்சம் எதுவும் கேட்க மாட்டோம் என்றும் அதில் எழுத வேண்டுமாம். மேலும், தங்கை தொலைபேசியில் பேசியவற்றைக் கணவர் பதிவு செய்து வைத்திருப்பதாக மனுவில் இருக்கிறது. அந்தப் பதிவு செல்லுமா?

பாரிமுனை

முத்திரைத் தாளில் எழுதிக்கொள்வது விவாகரத்து ஆகாது. நோட்டரி முன்னிலையில் எழுதினாலும், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாலும், ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்டாலும் அப்படித்தான். ஒரு சமூகத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்காற்று மணமுறிவைச் சட்டம் ஏற்கிறது என்றாலும், அந்த வழக்காற்றை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்கள், இரண்டாம் திருமணமே செல்லாமல் போய்ப் பெரும் துன்பத்தில் சிக்கியிருக்கிறார்கள்.

இருவரும் மனமொத்துப் பிரிவதென்றால் இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி கூட்டு மனு தாக்கல் செய்ய வேண்டும். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் விஷயத்தில் நிறைவேறிவிட்டது. மனு செய்து ஆறு மாதம் காத்திருந்த பிறகே இரண்டாம் கட்டம். இந்த ஆறு மாதத்தை, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சம், குழந்தை பற்றியெல்லாம் உண்மையாகவே தீர்வு ஏற்பட்டிருக்கும் வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதில் கவனம் வேண்டும். ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், மீதியை இறுதி நாளில் நீதிபதி முன்னிலையில் வங்கி வரைவோலையாகவும் தருவதாக நிபந்தனை எழுதுவது நான் கடைப்பிடிக்கும் முறை. திருமணத்தில் போட்ட நகைகளும் சீர்ப் பொருள்களும் தங்கையின் சொந்தச் சொத்து. அவற்றின் பட்டியல், திரும்பத் தரும் தேதி ஆகியவையும் ஒப்பந்தத்தில் தனியாக இடம்பெற வேண்டும். அதை மொத்தத் தொகையோடு சேர்த்துக் கரைத்துவிட அவர்கள் முயல்வார்கள். நகைக்கடை ரசீது, திருமணப் புகைப்படம் போன்றவற்றை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று தங்கை தம்மளவில் எழுதிக் கொடுத்தாலும், குழந்தைக்குரியதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரமில்லை. குழந்தையின் படிப்பு, மருத்துவம் ஆகியவற்றைத் தனியாக, குழந்தையின் பெயரில் வைப்புத் தொகையாகவோ மாதத் தொகையாகவோ எழுதச் சொல்லுங்கள்.

தொலைபேசிப் பதிவைப் பொறுத்தவரை, மறைவாக எடுத்தது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று சில உயர் நீதிமன்றங்கள் ஏற்க மறுத்திருந்தன. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவிக்கிடையிலான வழக்கில் அத்தகைய பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஏற்பது வேறு, அதை நம்பி முடிவெடுப்பது வேறு. பதிவு முழுமையானதா, வெட்டி ஒட்டப்பட்டதா, மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழ் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞர் கேட்க வேண்டும். ஒரு சண்டையின் நடுவில் பேசிய மூன்று நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை எதிருரையிலேயே எழுதிவிடுங்கள். இனிமேல் அவருடன் பேசும் ஒவ்வொரு பேச்சும் பதிவாகிறது என்ற நினைப்போடு தங்கை பேசட்டும்.

ஒன்றை விட்டுவிட்டேன். இடமாற்ற மனு தாக்கல் செய்துவிட்டதாலேயே சென்னையில் வழக்கு நின்றுவிடாது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, அந்த உத்தரவின் நகல் குடும்பநல நீதிமன்றத்தில் சேரும்வரை ஒவ்வொரு வாய்தாவிலும் உங்கள் தரப்பில் ஒருவர் முன்னிலையாக வேண்டும். சேலத்து வழக்கறிஞரையே அமர்த்துவதாக இருந்தால், சம்மனில் உள்ள தேதிக்கு முன்னதாகச் சென்னையில் யார் முன்னிலையாகப் போகிறார் என்று அவரிடம் கேட்டு, அந்த வழக்கறிஞரின் பெயரும் வக்காலத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.